ஆய்விதழில் வந்த படத்தை விக்கிப்பீடியாவில் போடலாமா?

போடலாம், அந்தக் கட்டுரையின் உரிமம் இடம் கொடுத்தால். திறந்த உரிமம் என்பது படைத்தவரே முன்கூட்டி எழுதித் தரும் அனுமதி: எடுங்கள், மாற்றுங்கள், விற்கக்கூடச் செய்யுங்கள், என் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். பக்கத்து வீட்டில் ரோஜாப் பதியன் வாங்கி வருவது போலத்தான். நட்டு வளர்க்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். யார் வீட்டுச் செடி என்று சொல்லிவிட வேண்டும்.

விற்பனைக்கும் மாற்றத்துக்கும் அனுமதி எதற்கு என்று பலர் முகம் சுளிப்பார்கள். விக்கிப்பீடியாவின் உள்ளடக்கத்தை யாரும் அச்சிட்டு விற்கலாம், மொழிபெயர்க்கலாம், திருத்தலாம். அதன் படங்கள் சேமிக்கப்படும், 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகமும் இதே விதியில்தான் இயங்குகிறது. ஆகவே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு வகுத்துத் தந்த ஆயத்த உரிமங்களில் 'வணிக நோக்கமற்ற', 'மாற்றம் கூடாது' என்ற நிபந்தனை உள்ளவை அங்கே ஏற்கப்படுவதில்லை. 'பெயர் குறிப்பிடுக', 'அதே உரிமத்தில் பகிர்க' ஆகியவை ஏற்கப்படும். பிளாஸ் ஒன் என்ற அறிவியல் ஆய்விதழின் கட்டுரைகள் பெரும்பாலும் 'பெயர் குறிப்பிடுக' வகை.

எனக்குப் பிடித்த புதையல், கட்டுரையின் கடைசியில் துணைக்கோப்பாகக் கிடக்கும் காணொளிகள். ஓர் உயிரணு இரண்டாகப் பிளப்பதைப் பத்து வரி எழுதுவதைவிட அந்தச் சில நொடிகள் தெளிவாகக் காட்டிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: கட்டுரை திறந்த உரிமத்தில் இருந்தாலும், வேறிடத்திலிருந்து அனுமதி வாங்கிப் போட்ட படம் அதில் அடங்காது. படத்தின் அடிக்குறிப்பைப் படித்துவிடுங்கள்.

இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பதெல்லாம் திறந்த உரிமம் அல்ல. உரிமம் எதுவும் எழுதப்படவில்லை என்றால், பொதுவாக எல்லா உரிமையும் உரியவரிடமே இருக்கிறது.