முதலில் பாலங்களைக் குறியுங்கள், சாலையைப் பிறகு பார்க்கலாம்

கேள்வி: நானும் என் தம்பியும் ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) ஓட்டுகிறோம். ஒரே நாளில் 70 கி.மீ. வரை ஓட்டிப் பழக்கம் உண்டு. ஆறும் ஏரிகளும் நிறைந்த கிராமப்புறமாகப் பார்த்து மூன்று நாள் ஓட்டலாம் என்று ஆசை. ஆற்றோட்டத்தின் திசையிலேயே போனால் சுலபமாக இருக்குமா? ஏரியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது? எங்களிடம் இருக்கும் 25 மி.மீ. டயர் போதுமா?

பதில்: நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். வரைபடத்தில் நீலமாகத் தெரிவது பார்க்க அழகுதான், ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு அது மதில். சாதாரண ஊர்ப்புறத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் இரண்டு கி.மீ. தள்ளி இன்னொன்று கிடைத்துவிடும். ஆற்றங்கரையில் அப்படியில்லை. அடுத்த பாலம் 18 கி.மீ. தள்ளி இருக்கலாம். தங்குமிடம் கண்ணெதிரே அக்கரையில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும், நீங்கள் இக்கரையில் 36 கி.மீ. சுற்ற வேண்டியிருக்கும். அதனால் வழியை வரையும்முன் பாலங்கள், படகுத்துறைகள் எல்லாவற்றையும் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை அந்தப் புள்ளிகளை இணைக்கும் கோடு, அவ்வளவுதான்.

புள்ளி வைத்தால் மட்டும் போதாது, அது எப்படிப்பட்ட பாலம் என்றும் பார்க்க வேண்டும். ஒருமுறை நான் நம்பிப் போன பாலம், நடந்து போகிறவர்களுக்கான இரும்புப் பாலமாக இருந்தது. ஏறுவதற்கு நாற்பது படி, இறங்குவதற்கு நாற்பது படி. பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் வைத்த ஷூவோடு, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஈரப் படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி ஏறினேன். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும்: பாலத்தின் மேல் ஒரு வாகனம்கூட இல்லை, இரு முனையிலும் சாலை வந்து சேரவும் இல்லை. படகென்றால் மூன்று கேள்வி: சைக்கிளை ஏற்றுவார்களா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு, நீங்கள் போகும் மாதத்தில் ஓடுமா?

இனி ஆற்றோட்டத் திசை. மலையடிவாரத்தில் அது உண்மையிலேயே உதவும். பெரிய ஆறு சமவெளிக்கு வந்த பிறகு அந்த உதவி பெயருக்குத்தான். ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றின் கரையில், ஜெர்மனியின் பாஸாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை போகும் சைக்கிள் பாதை உலகப் புகழ் பெற்றது, சுமார் 320 கி.மீ. அத்தனை தூரத்துக்கும் ஆறு இறங்குவது ஏறக்குறைய 140 மீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை, காலுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் பெரும்பாலானோர் அங்கே ஆற்றோட்டத் திசையில், அதாவது மேற்கிலிருந்து கிழக்காகத்தான் ஓட்டுகிறார்கள், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது: அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது.

காற்றுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், சின்னக் கணக்கு ஒன்று போதும். காற்றின் தடை, உங்கள் மேல் மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காற்றே இல்லாதபோது 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று கிளம்பினால் உங்கள் மேல் மோதுவது 40 கி.மீ. காற்று. தடை இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடும். சமவெளி ஆற்றின் எந்தச் சரிவும் இதை ஈடுகட்டாது. ஆகவே ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைவிட, அந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துத் திசையை முடிவு செய்யுங்கள்.

மலைப் பள்ளத்தாக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேல்நோக்கி வீசும், இரவில் திரும்பிக் கீழ்நோக்கி இறங்கும். ஆற்றோட்டத் திசையில் இறங்கும் பயணத்தைப் பிற்பகலுக்கு வைத்தால் இறக்கத்திலும் மிதித்துக்கொண்டே போக வேண்டியதுதான். அதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆற்றோரச் சாலை என்றால் சமதளம் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. அகன்ற வெள்ளச் சமவெளியில் அது சமதளம். கரை செங்குத்தாக இருக்கும் இடத்தில் சாலைக்கு ஆற்றோரம் இடமில்லை. மலையின் ஒவ்வொரு முகட்டிலும் ஏறி, ஒவ்வொரு துணையாறு வந்து கலக்கும் இடத்திலும் இறங்கி, திரும்ப ஏறும். ஒவ்வொன்றும் 30, 40 மீட்டர்தான். அப்படி எட்டு வந்தால் 300 மீட்டர் ஏற்றம், அதுவும் கால் சூடு பிடிப்பதற்குள் முடிந்து முடிந்து தொடங்கும் வகை. நீண்ட ஒரே ஏற்றத்தைவிட இதுதான் ஆளைக் களைக்க வைக்கும். வரைபடத்தில் சாலையோரம் எத்தனை சிற்றாறுகள் வந்து சேர்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், தோராயமான கணக்கு கிடைத்துவிடும்.

இதற்குச் செயலிகள் காட்டும் ஏற்றக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நிலத்தின் உயரப் பதிவிலிருந்து கணக்கிடுகின்றன. சுரங்கப்பாதையில் நேராகப் போகும் சாலையை மலைமேல் ஏற்றிவிடும், உயரமான பாலத்தைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிக் காட்டும். ஊசி போலத் திடீரென ஏறி இறங்கும் முனை தெரிந்தால், அங்கே பாலமோ சுரங்கமோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்தக் கரை? இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது இங்கே சில சமயம் நிஜமாகவே உண்மை. பல ஆறுகளில் நெடுஞ்சாலை ஒரு கரையைப் பிடித்துக்கொள்ளும், மறு கரையில் ஊர்களை இணைக்கும் சின்னச் சாலை மட்டும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சின்னச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை, லாரிச் சத்தம் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு அது தகும்.

ஏரிக்கு வருவோம். இடப்பக்கமாக ஓட்டும் நாட்டில் கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்றுங்கள். ஏரி எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். நடுவே வாகனங்கள் மறைக்காது, தண்ணீர்ப் பக்கமிருந்து கிளைச்சாலைகளும் அதிகம் வந்து குறுக்கிடாது, நின்று பார்க்கத் தோன்றினால் சாலையைக் கடக்க வேண்டியதில்லை. ஜப்பானின் பிவா ஏரியைச் சுற்றுகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். முழுச் சுற்று சுமார் 200 கி.மீ. வலப்பக்கமாக ஓட்டும் நாடென்றால் அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள்.

வட்டப் பாதையில் எப்படிச் சுற்றினாலும் எங்கோ ஓரிடத்தில் எதிர்க்காற்று உண்டு. கைவசம் இருப்பது ஒன்றே ஒன்று, அது எப்போது வர வேண்டும் என்ற தேர்வு. தொடங்கும் இடத்தை மாற்றி, எதிர்க்காற்றுப் பகுதி காலையில் கால் புதிதாக இருக்கும்போது வரும்படி செய்யுங்கள். பெரிய ஏரியானால் பிற்பகலில் தண்ணீரிலிருந்து கரையை நோக்கிக் காற்று கிளம்புவதும் வழக்கம்.

வட்டத்தில் இன்னொரு சிக்கல்: பாதி வந்துவிட்டால் திரும்புவதும் முடிப்பதும் ஒரே தூரம். அதனால் குறுக்குவழி இருக்கும் ஏரி உங்களைப் போல முதல்முறை போகிறவர்களுக்கு நல்லது. பிவாவின் குறுகலான இடத்தில் பெரிய பாலம் இருப்பதால் தெற்கை விட்டுவிட்டு வடக்கை மட்டும் 150 கி.மீ. அளவில் சுற்றலாம். ஐரோப்பாவில் இருக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் முழுச் சுற்று 260 கி.மீ. அளவுக்கு நீளும், ஆனால் குறுக்கே போகும் படகில் சைக்கிளை ஏற்றிச் சுருக்கிக்கொள்ளலாம்.

தூரத்தைப் பற்றி: ஒரு நாள் 70 ஓட்டியது மூன்று நாளும் 70 ஓட்டுவதாகாது. முதல் நாள் 55, இரண்டாம் நாள் 65, மூன்றாம் நாள் 45 என்று வையுங்கள். மழைக்குப் பின் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் அளவுதானே என்று இறங்க வேண்டாம். அடியில் சாலை இருக்கிறதா என்பதே தெரியாது. விடியற்காலை மூடுபனிக்கு முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். அந்திப் பூச்சிகளுக்கு நிறமில்லாத கண்ணாடி. சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்க ஒரு சொட்டு ஆகாது, ஆளுக்கு இரண்டு பாட்டில்.

கடைசியாக டயர். நல்ல தார்ச்சாலையில் 25 போதும். கரைமேட்டுச் சாலைகளில் சரளை சிதறியிருக்கும், பாலத்தின் இணைப்பு இடுக்குகள் மெல்லிய டயரைக் கவ்வப் பார்க்கும், ஈரமான மரப்பலகைப் பாலம் சோப்புத் தடவியது போலிருக்கும். இடுக்குகளை நேர்குத்தாகக் கடக்க வேண்டும், பலகையில் பிரேக் பிடிக்கக் கூடாது. இருந்தாலும் ஃபிரேமிலும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும்) ஃபோர்க்கிலும் இடமிருந்தால் 28 மி.மீ.-க்கு மாறுங்கள். காற்றழுத்தத்தைப் பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ (பம்பில் தெரியும் அழுத்த அளவு) குறைத்து ஓட்டலாம், கைக்கும் முதுகுக்கும் அது தெரியும். மாற்றியதும் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே எல்லாப் பக்கமும் நாலைந்து மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றோரக் களிமண் ஒட்டினால் அந்த இடைவெளிதான் முதலில் அடைபடும்.