மைனாவை மின்தூக்கியில் ஏற்றிவிட்டீர்கள், அச்சகத்துக்கு எப்படி அனுப்புவது?

கேள்வி: எனக்கு வயது 38. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். காப்பிக்கடையில் மிச்சம் மீதியைக் கொத்தித் தின்னும் ஒரு மைனா, எங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குள் புகுந்து மாடி மாடியாகப் போய்வரும் கதையை என் மகளுக்கு அடிக்கடி சொல்வேன். அதை எழுதி முடித்துவிட்டேன். படப் புத்தகமாக நானே வெளியிட ஆசை. ஒரு நிறுவனம் ஓவியம், வடிவமைப்பு, 1,000 பிரதிகள், வெளியீட்டு விழா எல்லாம் சேர்த்து 9,000 வெள்ளி கேட்கிறது. கணவர் "உன் ஆசை, செய்" என்கிறார், ஆனால் முகத்தில் தயக்கம் தெரிகிறது. கட்டலாமா? வேண்டாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது? கதையை இணைத்திருக்கிறேன். வெளியீட்டு விழா அவசியமா? ஆங்கிலமும் சேர்த்துப் போடலாமா? (வாசகி, செங்காங்)

பதில்: இப்போது கட்டாதீர்கள். அந்த நிறுவனம் ஏமாற்றுகிறது என்று சொல்லவில்லை. கேட்கும் தொகைக்கு உரிய வேலையை ஒழுங்காகவே செய்து கொடுக்கலாம். ஆனால் உங்கள் கதை இன்னும் அச்சுக்குத் தயாராகவில்லை, 1,000 பிரதிகளுக்கும் இப்போது வேலை இல்லை. நான் இப்படி ஒரு தடவை 500 போட்டேன். அதில் பாதிக்கு மேல் இன்றும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நாலு அறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு இடம் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும்.

கதையைப் படித்தேன். நல்ல கதை. மைனா மின்தூக்கியில் ஏறியதும் எல்லாரும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதும், யாரும் பித்தானை அழுத்தாததும் எனக்குப் பிடித்தன. ஆனால் 1,400 சொற்கள் அதிகம். ஆங்கிலப் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 500 சொற்களுக்குள் முடிந்துவிடும். தமிழில் "போய்க்கொண்டிருந்தது" என்பதே ஒரு சொல், ஆகவே நமக்கு இன்னும் குறைவாகவே போதும். 350 அளவுக்கு வெட்டிப் பாருங்கள். எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால், ஓவியர் வரையப்போவதை எல்லாம் வெட்டுங்கள். "மஞ்சள் மூக்கும் மஞ்சள் கால்களும் உடைய கரிய நிற மைனா" என்று நீங்கள் எழுதவேண்டாம். படம் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது மொழி. இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 3.3%. 2020-ல் அது 2.5% ஆனது. அதே பத்து ஆண்டில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்குப் போனது. இந்த எண்களைச் சொல்லிப் புலம்புவது என் நோக்கம் இல்லை. உங்கள் புத்தகத்தைக் கையில் எடுக்கப்போவது யார் என்று யோசித்துப் பாருங்கள். நாலு வயதுப் பிள்ளை தானாகப் படிக்காது. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து களைத்து வந்த ஓர் அம்மாவோ அப்பாவோ படிப்பார். அவர் உயர்நிலைப் பள்ளியோடு தமிழை விட்டவராக இருக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பார், மூன்றாவது பக்கத்தில் தடுக்கி விழுந்தால் "நாளைக்குப் படிக்கலாம்" என்று மூடிவிடுவார். அந்த நாளை வரவே வராது. சிறுவர் புத்தகம் எழுதுகிறவர்கள் பிள்ளையை நினைத்து எழுதுகிறார்கள், வாய்விட்டு வாசிக்கப்போகும் பெரியவரை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான்.

உங்கள் இரண்டாம் பக்கத்தில், "அச்சிறு பறவை தன் இறக்கைகளை விரைவாக அசைத்தவாறு அவ்விடத்தைவிட்டு அகன்றது" என்று இருக்கிறது. தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் களைத்த அம்மா "அவ்விடத்தைவிட்டு" என்ற இடத்தில் நின்றுவிடுவார். "படபடவென்று சிறகடித்தது மைனா. பறந்தே போச்சு!" என்று வைத்துப் பாருங்கள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். இரட்டைக்கிளவி நமக்கு இருக்கும் பெரிய வசதி. படபட, கடகட, மொறுமொறு, கமகம என்று வாயில் போட்டாலே பிள்ளை திருப்பிச் சொல்லும், பொருள் சொல்லித்தர வேண்டியதில்லை. காப்பிக்கடை வரும் பக்கத்தில் ஒன்றுகூட இல்லையே! பரோட்டா கல்லில் விழும் சத்தத்தையாவது கொண்டுவாருங்கள்.

"போச்சு" என்று எழுதலாமா என்று ஆசிரியரான நீங்கள் தயங்குவீர்கள். கதை சொல்பவர் எழுத்துத் தமிழில் சொல்லட்டும், பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். 2005-ல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்குப் பள்ளியிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள், கதைப் புத்தகம் மட்டும் கஞ்சிபோட்ட சட்டையோடு நிற்பானேன்? ஆனால் ஒரே வரியில் இரண்டையும் கலக்காதீர்கள், படிப்பவர் குழம்பிவிடுவார். (உணவங்காடி நிலையம் என்று எழுதாமல் காப்பிக்கடை என்று வைத்தீர்களே, அது நல்ல முடிவு. பிள்ளைகள் வாயில் இருக்கும் சொல் அது.)

வெட்டித் திருத்தியதும் ஒரு மாதிரிப் புத்தகம் செய்யுங்கள். எட்டு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்தால் 32 பக்கம் வரும். படப் புத்தகங்கள் 24, 32 என்று வருவதற்குக் காரணம் அச்சுதான். பெரிய தாளில் அடித்து மடிப்பதால் பக்கங்கள் நான்கின், எட்டின் மடங்குகளாகவே வரும். 30 பக்கம் என்று ஆசைப்பட்டால் நடுவில் பின் அடிக்கிற புத்தகத்தில் முடியாது, 28 அல்லது 32 ஆக்கவேண்டும். தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக, கதைக்கு 14 விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்து ஒரு விரிபக்கம்) மிஞ்சும். கதையைத் துண்டு துண்டாக வெட்டி அவற்றில் ஒட்டுங்கள். மின்தூக்கிக் கதவு திறக்கும் இடம் வலப்பக்கத்தின் கடைசி வரியில் வரவேண்டும். பக்கத்தைத் திருப்பினால்தான் உள்ளே யார் என்று தெரியவேண்டும். இப்போது நீங்கள் எழுதியிருப்பதில் ஒரே பக்கத்தில் கதவும் திறக்கிறது, மைனாவும் தெரிகிறது. ரகசியம் வீணாகிறது.

அந்த மாதிரியை உங்கள் மகளிடம் சோதிக்காதீர்கள். அவளுக்குக் கதை மனப்பாடம், அம்மாவுக்காகச் சிரிப்பாள். தமிழ் மறந்த ஒரு தோழியிடமோ மைத்துனரிடமோ கொடுத்து, அவர் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நாக்கு தடுக்கும் இடத்தில் எல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மூன்று வீட்டில் இதைச் செய்தால் போதும், எந்தப் பயிலரங்குக்கும் போகவேண்டாம். செலவு: தேநீரும் கொஞ்சம் மானமும்.

ஆங்கிலமும் சேர்த்துப் போடலாமா என்று கடிதத்தின் அடியில் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்துக்குப் பக்கம் போட்டால் பெற்றோர் ஆங்கிலத்தைப் படித்துவிட்டுத் தமிழைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் என்றால் ஆங்கிலச் சுருக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் வைப்பேன். கூடவே ஒரு கியூஆர் குறியீடு, அதைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் உங்கள் குரலில் முழுக்கதை. தமிழ் எழுத்தே தெரியாத பெற்றோருக்கு அது கைகொடுக்கும்.

சரி, ஓவியம். பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகவேண்டும், விழாவில் இல்லை. கணினிக்கு ஒரு வரி எழுதிப் படம் வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நானும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். சிராங்கூன் ரோடு என்று சொல்லி ஒரு தெரு வந்தது, கடைப்பலகைகளில் இருந்த எழுத்து தமிழும் இல்லை, வேறெந்த மொழியும் இல்லை. காப்பிக்கடையின் வட்ட மேசையையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் கண்ணால் கண்ட ஒருவர் வரையட்டும். சிங்கப்பூர் புத்தக மன்றம் 2010 முதல் நடத்திவரும் ஏஎஃப்சிசி (ஆசியச் சிறுவர் உள்ளடக்க) விழாவுக்குப் போனால் சிறுவர் நூல் ஓவியர்களை நேரில் பார்த்துப் பேசலாம்.

ஓவியரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அவர் உங்கள் தங்கை மகளாக இருந்தாலும். நீங்கள் காசு கொடுத்து வரையச் சொன்னதாலேயே படத்தின் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அது வரைந்தவருக்கே. மறுபதிப்பு, மின்னூல், படம் போட்ட பை என்று எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை இப்போதே எழுதுங்கள். உங்கள் கதையை இங்கே எங்கும் பதிவு செய்யவேண்டியதில்லை. எழுதிய கணத்திலிருந்தே உரிமை உங்களுக்கு, உங்கள் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகள்வரை வாரிசுகளுக்கு. அந்த 9,000 வெள்ளி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தீர்களா? படங்களும் அச்சுக் கோப்புகளும் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியை மட்டுமாவது பாருங்கள். பணம் நீங்கள் கட்டி, கோப்பு அவர்களிடம் தங்கினால், நாளைக்கு 50 பிரதி வேண்டும் என்றாலும் அவர்களிடம்தான் போய் நிற்கவேண்டும்.

இனி என் முதல் புத்தகத்தின் கதை. வடிவமைப்பாளர் கெட்டிக்காரர், ஆனால் தமிழ் தெரியாது. நான் அனுப்பிய யூனிகோட் எழுத்தை அப்படியே ஒட்டினார். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டியது பின்னால் போய் நின்றது. கெ, கே, கொ, கோ எல்லாம் சிதறிப்போயின. அவர் கண்ணுக்கு அது அழகான தமிழ். நான் கைப்பேசியில் அவசரமாகப் பார்த்து "ஓகே" என்று சொல்லிவிட்டேன். அச்சகத்தையோ அவரையோ குறை சொல்ல முடியாது, கையெழுத்துப் போட்டவன் நான். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான அடோபி இன்டிசைனில் பத்தி அமைப்பில் "வேர்ல்ட்-ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை தீரும். உங்கள் வடிவமைப்பாளரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள், தெரியாமல் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள். கடைசி மாதிரியைத் தாளில் அச்சடித்து, வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். ஒற்றுப்பிழையை உங்களைவிடக் கறாராகப் பார்க்கும் ஓர் ஆசிரியத் தோழி இருப்பார், அவருக்கு ஒரு சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். படங்கள் 300 டிபிஐ துல்லியம், ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் என்பதெல்லாம் அச்சகமே சொல்லிவிடும்.

முதலில் 100 பிரதிகளை டிஜிட்டல் அச்சில் இங்கேயே போடுங்கள். ஒரு பிரதியின் அடக்கவிலை அதிகம்தான், ஆனால் பிழை தெரிந்தால் திருத்தலாம். சிவகாசியிலோ சென்னையிலோ ஆஃப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறையில்) அடித்தால் மலிவு என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மை, ஆனால் அது சில நூறு பிரதிகளுக்கு மேல் போனால்தான். கப்பல் கூலியையும், இறக்குமதிக்குக் கட்டும் 9% ஜிஎஸ்டியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விலை வைக்கும்போது கடையின் பங்கையும் மறக்கவேண்டாம். 12 வெள்ளிப் புத்தகத்தில் கடை 40% எடுத்தால் உங்கள் கைக்கு 7.20 வெள்ளி. அச்சுச் செலவு 6 வெள்ளி என்றால் மிச்சம் 1.20. ஓவியரின் சம்பளம் அதற்குள் வராது. கணவரின் முகத்தில் இருக்கும் தயக்கம் இந்தக் கணக்கைப் பற்றியதாக இருக்கலாம், உட்கார்ந்து காட்டிவிடுங்கள்.

புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் வாங்கவேண்டும். 13 இலக்கம், சிங்கப்பூர்ப் புத்தகங்களில் பெரும்பாலும் 978-981 என்று தொடங்கும். வெளிவந்த நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை அவர்களிடம் ஒப்படைப்பது சட்டம். அந்தப் பிரதிகள் பாதுகாப்பதற்கு, இரவல் அலமாரிக்குப் போகாது. நூலகத்தில் பிள்ளைகள் எடுத்துப் படிக்கவேண்டும் என்றால், வாங்கிக்கொள்ளும்படி தனியாக அணுகவேண்டும்.

தேசிய கலைகள் மன்றத்தின் மானியம், 2011-ல் தொடங்கிய லீ குவான் யூ இருமொழி நிதி போன்றவற்றின் விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். கேட்பதாக இருந்தால் அச்சடிக்கும் முன்பே கேட்கவேண்டும். முடித்துவிட்டுப் போனால் வாழ்த்துதான் கிடைக்கும்.

விழாவைப் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர் நூல் வெளியீடு உங்களுக்குத் தெரியும். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, முதல் பிரதி, நூல் ஆய்வு, பிறகு கேசரி. பெரியவர்களின் கவிதை நூலுக்கு அது பொருந்தும். அன்றைக்கு உறவினர்கள் வாங்கும் பிரதிகளில் செலவில் கொஞ்சம் திரும்பியும் வரும். ஆனால் நாலு வயதுப் பிள்ளையை ஆறு உரைகளுக்கு உட்காரவைக்க முடியுமா? உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பாய் விரித்து, முப்பது பிள்ளைகளைக் கூட்டி, கதையைச் சொல்லுங்கள். தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரல் மாதம் முழுவதும் நிகழ்ச்சி தேடிக்கொண்டிருப்பார்கள். சமூக மன்றத்திலும் பாலர் பள்ளிகளிலும் கேட்டுப் பாருங்கள். ஆக, டிசம்பருக்குள் மாதிரிப் புத்தகச் சோதனையை முடித்தால் ஏப்ரலுக்கு 100 பிரதி கையில் இருக்கும், ஓவியர் சொன்ன தேதிக்குக் கொடுத்தால். கொடுக்கமாட்டார், ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மைனா ஐந்தாம் பக்கத்தில் பாட்டி வீட்டுக்காக ஏழாம் மாடியில் இறங்குகிறது. கடைசியில் அதே பாட்டி ஒன்பதாம் மாடி சன்னலிலிருந்து கையசைக்கிறார். பாட்டி எந்த மாடி என்று ஓவியரிடம் கொடுக்கும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள்.