மைக்ரோ ஆர்என்ஏ பொடி விராலைக் காப்பாற்றுமா?

கேள்வி: அரை ஏக்கர் குட்டையில் விரால் வளர்க்கிறேன். மார்கழிப் பனி தொடங்கியதும் சில மீன்களின் உடம்பில் சிவப்பாகப் புண் வந்திருக்கிறது. இது வைரஸ் என்றும், மைக்ரோ ஆர்என்ஏ கலந்த பொடியைத் தீவனத்தில் சேர்த்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்றும் ஒரு தீவன ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மைக்ரோ ஆர்என்ஏ உண்மையான அறிவியல்தான். 1993-இல் ஒரு நுண்புழுவில் அதைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரும் 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லிப் பொடி விற்பதைத்தான் நம்ப முடியாது.

செல்லுக்குள் ஒவ்வொரு புரதமும், மரபணுவிலிருந்து நகலெடுத்த செய்தியான தூது ஆர்என்ஏ ஒன்றைப் பார்த்தே தயாராகிறது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 மரபு எழுத்து நீளமே உள்ள ஆர்என்ஏ துணுக்கு. தனக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவில் போய் ஒட்டிக்கொண்டு, அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும். அதாவது அது ஒரு பிரேக். எந்தப் புரதத்துக்குப் பிரேக் போடுகிறது என்பதைப் பொறுத்தே மீனுக்கு நன்மையோ தீமையோ வரும்.

உங்கள் விராலையே எடுத்துக்கொள்வோம். சீனப் பண்ணைகளில் விராலைத் தாக்கும் வெசிகுலோவைரஸ் பற்றிய ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. விரால் செல்களில் உள்ள மிஆர்-214 என்ற துணுக்கு, வைரஸின் இரண்டு முக்கியமான புரதங்களுக்கான ஆர்என்ஏவிலேயே ஒட்டி, அது பெருகுவதைத் தடுக்கிறது. ஆனால் வைரஸ் நுழைந்ததும் செல்லில் அந்தத் துணுக்கின் அளவு குறைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நம் கத்தாழை மீன்களின் உறவான மியூ குரோக்கர் சீனாவில் வளர்க்கப்படுகிறது. அதன் செல்லுக்குள் வைரஸ் வந்தால், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதம் எச்சரிக்கையைக் கடத்தி, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்க வைக்கும். ஒரு ராப்டோவைரஸ் தொற்றும்போது அங்கே மிஆர்-3570 கூடுகிறது. கூடி, மேவ்ஸை அடக்குகிறது. இன்டர்ஃபெரான் குறைய, வைரஸ் பெருகுகிறது. இந்த பிரேக்கை வெறும் குறை என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் எதிர்ப்பு கட்டுமீறி அழற்சி அளவு மீறினால் மீனின் திசுவே கெடும். அப்படியிருக்க, எந்தத் துணுக்கு, எந்த மீனுக்கு, எந்த நோய்க்கு என்று எதுவும் சொல்லாமல் “மைக்ரோ ஆர்என்ஏ கலந்தது” என்பதற்கு என்ன பொருள்? ஏஜென்டிடம் இதையே கேளுங்கள்.

ஆய்வகத்தில்கூட இந்தத் துணுக்குகளைச் செயற்கையாகச் செய்து, கொழுப்புத் துகளில் பொதிந்துதான் செல்லுக்குள் செலுத்துகிறார்கள். பொதியாத ஆர்என்ஏ தீவனத்தோடு போனால், குடலில் உள்ள நொதிகள் அதைச் சிதைத்துவிடும்.

எனக்கு உங்கள் புண்ணைப் பற்றித்தான் அதிகக் கவலை. மழை ஓய்ந்து தண்ணீர் குளிரும் நாளில் விராலுக்கு வரும் சிவப்புப் புண், பெரும்பாலும் இயுஎஸ் என்ற கொள்ளைப் புண் நோய். அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமி அதற்குக் காரணம். 1988-இல் இந்தியாவுக்குள் வந்ததிலிருந்து விரால், கெண்டை எல்லாவற்றையும் படுத்துகிறது. புண்ணின் ஓரத்துத் தசையைக் கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், குறுக்குச் சுவர் இல்லாத தடித்த இழைகள் தசைக்குள் ஓடுவது தெரியும். அது தெரிந்தால் வைரஸ் பேச்சை விட்டுவிட்டு, புண் பட்ட மீனை அகற்றி, தண்ணீரின் காரத்தன்மையைச் சோதித்துச் சுண்ணாம்பு போடுங்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமான சிஃபா உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தும் உண்டு; ஹெக்டேர் மீட்டருக்கு, அதாவது ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் தண்ணீருக்கு, ஒரு லிட்டர் கணக்கு.

இழை தெரியவில்லையென்றால் வைரஸ் சோதனைக்கு அனுப்புங்கள். செத்து மிதக்கும் மீன் உதவாது. உயிரோடு தளர்ந்து நிற்கும் மீனை ஆக்சிஜன் பையில் போட்டு, மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு அன்றே கொண்டுபோங்கள். தூரம் அதிகமானால் மண்ணீரல், சிறுநீரகத் துண்டுகளை 95 சதவீத எத்தனாலில் போட்டு அனுப்பலாம். பார்மலினில் போட்டால் ஆர்என்ஏ சிதைந்துவிடும், வைரஸின் மரபுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அது சரிவராது. முடிவு வரும்வரை அந்தக் குட்டையின் வலையை வேறு குட்டையில் இறக்காதீர்கள். புதுக் குஞ்சும் விட வேண்டாம்.