வெண்டை இலையில் மஞ்சள் வலை: நுண்ணூட்டம் தெளித்து மாறாது

கேள்வி: செங்குன்றம் பக்கம் எங்களுக்கு 40 சென்ட் நிலம். தை கடைசியில் மூன்று சென்ட்டில் வெண்டை போட்டோம். இப்போது 35 நாள், பூ எடுக்கிறது. அறுபது செடி வரை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, பிஞ்சும் வெளுத்து வருகிறது. உரக்கடையில் இரும்புச்சத்துக் குறைவு என்று நுண்ணூட்டம் கொடுத்தார்கள், யூரியாவும் ஒரு கை கூடுதலாக வைத்தோம், மாறவில்லை. பிடுங்கினால் மாட்டுக்குப் போடலாமா? ஒன்பது லிட்டர் கறந்த ஜெர்சி கலப்பு மாடு, வெயில் ஏறியதும் ஏழுக்கு வந்துவிட்டது. வீட்டில் நானும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறோம்.

பதில்: வணக்கம்மா. முதலில் ஒரு இலையைப் பறித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரும்புச்சத்து குறைந்தால் நரம்பு பச்சையாகவே நிற்கும், இடையில் இருக்கிற பரப்புதான் மஞ்சளாகும், அதுவும் கொழுந்தில்தான் முதலில் தெரியும். நீங்கள் சொல்வது நேர்மாறு: நரம்பு மஞ்சள், நடுவில் பச்சை, வலை விரித்த மாதிரி. பிஞ்சும் வெளுக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய். வெள்ளை ஈதான் ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் கொண்டுபோகிறது, பிடித்த செடியைக் குணப்படுத்த எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

அதனால் அந்த அறுபதையும் நாளைக் காலையிலேயே பிடுங்கிவிடுங்கள். பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியைப் பிடுங்க மனசு வராது, தெரியும். ஆனால் 35 நாளில் நோய் கண்ட செடி விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கை இழந்துவிடும், நிற்கிற வரைக்கும் பக்கத்துச் செடிக்கும் நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு காய்க்கு ஆசைப்பட்டு விட்டுவைத்து, பதினைந்து நாளில் மொத்தப் பாத்தியும் மஞ்சளான தோட்டங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விடிகாலைக் குளிர்ச்சியில் ஈ மந்தமாக இருக்கும், அப்போதே பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள். வெயில் ஏறியபின் செடியை உதறினால் ஈ பறந்து பக்கத்துப் பாத்திக்குத்தான் போகும்.

மாட்டுக்குப் போடலாம். இந்த வைரஸ் செடியோடு சரி, மாட்டுக்கு வராது, பாலுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பூச்சிக்கொல்லி ஏதாவது அண்மையில் தெளித்திருந்தால் ஒரு இலைகூடப் போடாதீர்கள், குழி தோண்டிப் புதையுங்கள். தெளிக்கவில்லை என்றால் கழுவி, நறுக்கி, வைக்கோலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள்.

மிச்சமிருக்கும் செடிகளுக்கு யூரியாவை இப்போதைக்கு நிறுத்துங்கள், இலை கொழகொழவென்று வளர்ந்தால் வெள்ளை ஈக்கு அதைவிட விருந்து இல்லை. வேப்பங்கொட்டைப் பருப்பு அரைக் கிலோவை இடித்துத் துணியில் கட்டி, பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். மறுநாள் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். ஈ உட்காருவது அடிப்பக்கத்தில்தான், மேலாக அடித்துவிட்டுப் போனால் வேலை வீண். வாரம் ஒரு முறை போதும், காய் பறித்த அன்று சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பழைய தகரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்து விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குச் சற்று மேலே மூன்று இடத்தில் கட்டிவிடுங்கள். வரப்பில் துத்தி இருந்தால் அதுவும் வெண்டைக் குடும்பம்தான், ஈக்கு இருப்பிடம், வேரோடு எடுத்துவிடுங்கள்.

காலியான இடத்தில் மறுபடி வெண்டை ஊன்ற வேண்டாம். கொத்தவரை போடுங்கள், வெயிலைத் தாங்கும். இல்லை என்றால் சிறுகீரை விதைத்தால் 25 நாளில் அறுக்கலாம், வீட்டுக்கும் ஆகும். அடுத்த வெண்டையை ஆடியில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு இரண்டு வாரம் முன்பே சுற்றிலும் இரண்டு வரிசை சோளம் விதைத்துவிடுங்கள், பறந்து வரும் ஈயை ஓரளவு தடுக்கும்.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கலப்பின மாட்டுக்கு நம் ஊர்ப் புழுக்கம் தாங்காது, பங்குனியிலேயே பால் குறைய ஆரம்பிக்கும். தீவனம் செரிக்கும்போது உடம்பில் சூடு கிளம்பும், அதனால் வைக்கோலை மத்தியானம் போடாமல் விடிகாலையிலும் ராத்திரியிலும் போடுங்கள், பகலில் பசுந்தீவனம் கொஞ்சம் போதும். தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிறைந்து, நிழலில் இருக்கவேண்டும், வெயிலில் காய்ந்த தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். தாது உப்புக் கலவை தினம் 50 கிராம் கொடுங்கள். காய்ச்சலோ, வாயில் எச்சில் ஒழுகுவதோ, நொண்டலோ கண்டால் அது வெயில் மட்டும் அல்ல, உடனே கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்கு அழையுங்கள்.

உங்கள் பக்கம் இப்போது வேம்பு பூத்திருக்கும். மாமியார் சித்திரைப் பச்சடிக்குப் பூ எடுத்தது போக, ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது விடாமல் பொறுக்கச் சொல்லுங்கள். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் காயவைத்து, காற்றோட்டமான சணல் சாக்கில் போட்டு வையுங்கள். மூன்று மாதமாவது ஆன கொட்டைதான் நன்றாக வேலை செய்யும், எட்டு மாதத்துக்கு மேல் போனால் வீரியம் குறைந்துவிடும். ஆடியில் எடுத்து வைத்தால் அடுத்த தை, மாசி வெண்டைக்குச் சரியாக இருக்கும்.