வங்கிகளிடம் காசு மிதக்கிறதாம், கிளையில் ஏன் "நாளைக்கு வாங்க"?

கேள்வி: சம்மாந்துறையில் சிறியதோர் அரிசி ஆலை நடத்துகிறேன். வேளாண்மை வெட்டு நேரம் நெல் வாங்குவதற்காக 40 இலட்சம் எடுக்கப் போனால், "இப்ப அவ்வளவு நோட்டு இல்ல, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். அதே கிழமை செய்தியிலோ வங்கிகளிடம் காசு மிதமிஞ்சிக் கிடக்கிறது, ஓரிரவு வட்டி 7.75 என்கிறார்கள். என்னுடைய 50 இலட்சம் ஓ.டி.க்கு (வங்கி மேலதிகப் பற்று) 14 சதவீதம் வெட்டுகிறார்கள். வங்கியில் உண்மையில் காசு இருக்கிறதா? அந்த 7.75 எனக்கு எப்போது கிடைக்கும்?

பதில்: கிளையின் பெட்டகத்தில் இருப்பது நோட்டு. செய்தியில் வருவது, ஒவ்வொரு வங்கியும் இலங்கை மத்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கின் மீதி. இரண்டாவது நிரம்பி வழியும் நாளிலும் முதலாவது காலியாகலாம். பாதுகாப்புக்காகவும் காப்புறுதிக்காகவும் ஒரு கிளை குறிப்பிட்ட தொகைக்கு மேல் நோட்டு வைத்துக்கொள்வதில்லை. வெட்டு நேரம் சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனை வியாபாரிகள் எல்லோரும் ஒரே காலையில் வந்து நிற்கிறீர்கள். விவசாயியும் வயலிலேயே கையில் காசு கேட்கிறார். பெருந்தொகை வேண்டுமென்றால் ஓரிரு நாள் முன்னதாக மனேஜருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுங்கள். நோட்டு தட்டுப்பட்டதை வைத்து வங்கி ஆட்டம் காண்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இனி அந்த ஓரிரவுக் கதை. நீங்கள் எழுதிய காசோலையை மட்டக்களப்பில் ஒருவர் வேறு வங்கியில் போடுகிறார். தீர்ப்பனவின்போது மத்திய வங்கியிலுள்ள உங்கள் வங்கியின் கணக்கிலிருந்து அவருடைய வங்கியின் கணக்குக்குக் காசு போகிறது. நாடு முழுவதும் இப்படி நடந்து முடியும்போது ஒரு வங்கிக்கு மிஞ்சும், இன்னொன்றுக்குக் குறையும். குறைந்தது மிஞ்சியதிடம் மறுநாள் வரைக்கும் கடன் வாங்கும். ஈடில்லாமல் வாங்கினால் அழைப்புப் பணம்; திறைசேரி உண்டியல் (அரசாங்கத்தின் குறுங்காலக் கடன் பத்திரம்) போன்ற பிணையங்களைக் கொடுத்து வாங்கினால் மீள்கொள்வனவு. 100 கோடி ரூபாயை 7.75 சதவீதத்துக்கு ஓர் இரவு கொடுத்தால் வட்டி ஏறத்தாழ 212,000 ரூபாய்.

இந்த ஓரிரவுக் கடனின் வட்டி எதைச் சுற்றி நிற்கவேண்டும் என்று காட்டும் ஓரிரவு கொள்கை வீதத்தை 2024 நவம்பரில் மத்திய வங்கி 8 சதவீதமாக அறிமுகப்படுத்தியது. 2025 மே மாதம் அதை 7.75 ஆகக் குறைத்தது. கடன் கொடுக்க ஆள் கிடைக்காத வங்கி, காசை மத்திய வங்கியிலேயே ஓரிரவு வைப்பாகப் போடலாம். அதற்கு அரைச் சதவீதம் குறைவு, 7.25. கடன் கிடைக்காத வங்கி அங்கேயே பிணையம் வைத்து வாங்கலாம். அதற்கு அரைச் சதவீதம் கூட, 8.25. அதனால் சந்தை வீதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவிலேதான் நிற்கும்.

மொத்த மீதியும் நிலையாக இருப்பதில்லை. மத்திய வங்கி டொலர் வாங்கினால் அதற்கு ஈடான ரூபாய் வங்கிகளின் கணக்கில் ஏறும். வங்கிகள் நோட்டு எடுத்தால் இறங்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் இறங்கி, பின்பு நோட்டுகள் திரும்பிவர ஏறுவது ஆண்டுதோறும் நடப்பது. 2023 ஓகஸ்டில் வங்கிகள் தங்கள் வைப்புகளில் கட்டாயம் ஒதுக்கி வைக்கவேண்டிய விகிதம் 4 இலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தபோது மட்டும் சுமார் 200 பில்லியன் ரூபாய் விடுபட்டது.

ஆனால் மொத்தம் நிறைந்திருந்தால் எல்லா வங்கிக்கும் போய்ச் சேரும் என்றில்லை. குளம் நிறைந்திருந்தும் கடைசி வட்டைக்குத் தண்ணீர் போகாத வருடங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2022இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அப்படித்தான் நடந்தது. காசு மிஞ்சிய சில வங்கிகள் மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கப் பயந்து மத்திய வங்கியிலேயே போட்டுவைத்தன. 2023 ஜனவரி 16 முதல், மாதத்துக்கு 5 தடவைக்கு மேல் அப்படிப் போட முடியாது என்று மத்திய வங்கி கட்டுப்பாடு விதிக்கவேண்டி வந்தது. கொஞ்சம் முரட்டு வைத்தியம்தான், ஆனால் அன்றைய நிலையில் நியாயமானது என்பது என் கருத்து.

உங்கள் 14க்கு வருவோம். 7.75 உங்களுக்கு ஒருநாளும் வராது. அது வங்கிக்கு வங்கி, ஒரே ஓர் இரவுக்கான விலை. உங்களுக்குத் தரும் காசின் பெரும்பகுதி வைப்பாளர்களுடையது. முன்பு கூடிய வட்டிக்கு எடுத்த நிலையான வைப்புகள் முதிரும்வரை வங்கியின் செலவு இறங்காது. அதன்மேல் கடன் திரும்பாமற்போகும் ஆபத்துக்கும் ஒரு பங்கு சேர்க்கிறார்கள். ஓரிரவு வீதம் குறைந்தால் முதலில் பெரிய கம்பனிகளின் குறுங்காலக் கடன் மலிவாகும். மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் முதன்மைக் கடன்வழங்கல் வீதத்தில் அது தெரியும்.

உங்கள் ஒஃபர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். வட்டி அந்த முதன்மை வீதத்தோடு இத்தனை கூட்டி என்று எழுதியிருந்தால் குறைவு தானாகவே உங்களிடம் வரும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள், இதற்குக் கீழே இறங்காது என்று அடிமட்ட வீதம் ஏதும் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் கடைசி வரியைப் பலர் வாசிப்பதேயில்லை.

அரைச் சதவீதம் குறைந்தால் 50 இலட்சத்துக்கு நாளொன்றுக்கு மிச்சம் 68 ரூபாய். ஆனால் அரிசி விற்ற 20 இலட்சத்தை வெள்ளிக்கிழமை காசோலையாக வாங்கிப் போட்டால் அது திங்கட்கிழமைதான் சேரும். நாளொன்றுக்கு 767 ரூபாய் படி மூன்று நாளுக்கு 2,300 ரூபாய் வட்டி உங்கள் தலையில். ஓ.டி. வட்டி அன்றன்றைய மீதிக்குத்தான் ஏறும். அரிசி வாங்கும் கொழும்புக் கடைக்காரரிடம், வங்கிக்கு வங்கி உடனே காசு அனுப்பும் சீஃப்ட்ஸ் (CEFTS) வழியாக அனுப்பச் சொல்லுங்கள். சனி ஞாயிறிலும் உடனே விழும்.

வைப்புப் பற்றிய பயம் இன்னும் இருந்தால்: வைப்புக் காப்புறுதி ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை. அதற்கு மேற்பட்ட சேமிப்பை இரண்டு வங்கிகளில் பிரித்து வைக்கலாம்.

வட்டியைக் குறைக்கும் பேச்சை நெல் வரத்துத் தொடங்கிய பிறகு எடுக்காதீர்கள். அப்போது அவசரம் உங்களுக்கு, மனேஜருக்கு இல்லை. மார்கழியிலேயே, ஓ.டி. பெரும்பகுதி அடைந்திருக்கும்போது, கடந்த இரண்டு போகக் கணக்குகளோடு போய்க் கேளுங்கள். இன்னொரு வங்கியிடமும் எழுத்தில் ஒரு விலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.