மூன்று நிலை வியூகம் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்கும் தேவையா?

கேள்வி: மெடிக்கல் ஷாப்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து விற்கிறோம், மொத்தம் பன்னிரண்டு பேர். பேங்க் கடனுக்காகப் பார்த்த ஆலோசகர் நிறுவன நிலை, தொழில் நிலை, துறை நிலை என்று மூன்றாகப் பிரித்து வியூகம் எழுதச் சொல்கிறார். எங்கள் அளவுக்கு இது வேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் ஒரு பக்கம் போதும்.

எந்தத் தொழிலில் இருப்போம், எதைத் தொடவே மாட்டோம் என்பது நிறுவன நிலை. அந்தத் தொழிலில் கடைக்காரர் மற்றவர்களை விட்டு உங்களிடம் ஏன் வர வேண்டும் என்பது தொழில் நிலை. அதற்குத் தக்கபடி கோடிங், விற்பனை, சப்போர்ட், ஆளெடுப்பு எல்லாம் எப்படி நடக்கும் என்பது துறை நிலை.

சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோவைப் பாருங்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, தொலைத்தொடர்புக் கருவி தயாரிப்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். 2000-க்குப் பிறகு அந்தச் சந்தை சரிந்ததும் கம்பெனிகளின் கணினி அமைப்புகளை நிர்வகிக்கும் மேனேஜ்எஞ்சின், அப்புறம் இணையவழி அலுவலக மென்பொருள் என்று கிளை விட்டார்கள். இது நிறுவன நிலை. வெளி முதலீடு வாங்குவதில்லை என்பதும் இதே நிலை முடிவுதான். சிஆர்எம் எனப்படும் வாடிக்கையாளர் தொடர்பு மென்பொருளில் சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற பெரிய கம்பெனியோடு மோதும்போது சிறு நிறுவனத்துக்கும் கட்டுப்படியாகும் விலை என்று நின்றது தொழில் நிலை. அந்த விலைக்கு விற்றுத் தாக்குப்பிடிக்க செலவு கட்டுக்குள் இருக்க வேண்டுமே, அங்கேதான் பள்ளி முடித்தவர்களைத் தாங்களே பயிற்றுவித்து வேலைக்கு எடுப்பதும், தென்காசிப் பக்கம் அலுவலகம் வைப்பதும் தோள் கொடுக்கின்றன. இது துறை நிலை.

உங்களிடம் நான் பயப்படுவது முதல் நிலைக்குத்தான். சம்பள நெருக்கடியில் யாரோ ஒரு ஆஸ்பத்திரிக்குத் தனியாக மென்பொருள் செய்து தர ஒத்துக்கொள்வீர்கள், அதை ஒரு சாதாரண ஆர்டர் என்றே நினைப்பீர்கள், ஆனால் நல்ல டெவலப்பர் இரண்டு பேர் ஆறு மாதம் அங்கே மாட்டிக்கொண்டால் நீங்கள் புராடக்ட் கம்பெனியிலிருந்து சர்வீஸ் கம்பெனியாக மாறத் தொடங்கிவிட்டீர்கள், யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமலேயே.

துறை நிலையைச் சோதிப்பது சுலபம். 2025 செப்டம்பர் 22-ல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, உங்கள் கடைகளில் அன்று காலையே பில் சரியாக விழுந்ததா? மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் சேருவது சாயங்காலம்தான், உங்கள் சப்போர்ட் ஆள் ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாரா? அப்படியென்றால் ‘சேவையில் நாங்கள் முதலிடம்’ என்று தொழில் நிலையில் எழுதாதீர்கள்.

எழுதும்போது, போன வருட வருமானத்தில் புராடக்ட் எவ்வளவு, தனி ஆர்டர் எவ்வளவு என்பதை முதல் வரியில் போடுங்கள். கடன் பணம் அதில் எந்தப் பக்கம் போகும் என்பதை இரண்டாவது வரியில் சொல்லிவிடுங்கள்.