பேரைச் சேர்த்துச் சொல்கிறார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் 11ஆம் வகுப்பு மாணவன். என் வகுப்புத் தோழி ஒருத்தியும் நானும் நல்ல நண்பர்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம், மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருப்போம். ஒரு மாதமாக எங்களைக் காதலர்கள் என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவள் உள்ளே வந்தால் என்னைப் பார்த்து இருமுகிறார்கள். வருகைப் பதிவில் அவள் பெயர் வந்தால் பின்வரிசையிலிருந்து “ஓ...” என்று சத்தம். அவளுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று பத்து நாளாகப் பேசுவதை நிறுத்திவிட்டேன். இப்போது “பிரேக்கப்பா?” என்கிறார்கள். என்ன செய்வது?

ச.

அன்புள்ள ச.,

பேச்சை நிறுத்தியதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அவளைக் காப்பாற்ற நினைத்தாய், புரிகிறது. ஆனால் அவளைக் கேட்காமல் செய்தாய். வகுப்பே ஓட்டும்போது, கூட நிற்க வேண்டியவனும் காரணம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு எப்படி இருக்கும்?

கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் வதந்திக்கு ஒரு கணக்கு சொன்னார்கள். விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இவ்விரண்டின் பெருக்கலைப் பொறுத்துத்தான் வதந்தி எவ்வளவு பரவும் என்பது. உங்கள் வயதில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது முக்கியமில்லாமல் போகாது. உன் கையில் இருப்பது தெளிவு மட்டும்தான். நேற்றுவரை பேசியவர்கள் இன்று பேசவில்லை என்றால், அதற்கான காரணத்தை வகுப்பே எழுதிக்கொள்ளும். “பிரேக்கப்” அப்படி வந்ததுதான்.

இன்றைக்கே அவளிடம் பேசு, நேரிலோ போனிலோ. நீளமாக மெசேஜ் எழுதாதே, அது ஸ்க்ரீன்ஷாட்டாகச் சுற்றும். பொது நண்பன் மூலமாகவும் சொல்லி அனுப்பாதே. “அவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான்” என்ற ஒரு வரி போதும், புதுக்கதை கிளம்ப. “உன்னைக் கேக்காம பேசுறத நிறுத்தினது தப்பு, ஸாரி. இந்தப் பேச்சு உனக்கு எவ்வளவு தொந்தரவா இருக்கு? எப்படி இருக்கலாம்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்” என்று சொல்லிவிட்டு, அவள் சொல்வதைக் கேள். ஒரே வதந்தி இருவர் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. பையனை முதுகில் தட்டிக் கலாய்ப்பார்கள். பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பேசுவார்கள். நாலு பேரோடு சேர்ந்தே படிக்கலாம் என்றால் அப்படியே செய். கொஞ்ச நாள் பேச வேண்டாம் என்றாலும் ஏற்றுக்கொள். காரணம் தெரிந்து விலகியிருப்பது அவளைக் காயப்படுத்தாது.

உங்களில் ஒருவருக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் அது தனி விஷயம். வகுப்பு தள்ளிவிடுகிறது என்பதற்காக அதை இப்போது ஒருவருக்கொருவர் சொல்லவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம்.

வகுப்பில் யார் கேட்டாலும் இருவருக்கும் ஒரே பதில்: “இல்லடா, ஃப்ரெண்ட்ஸ்.” சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போ. அதே ஆள் மறுபடி கேட்டால் “சொல்லிட்டேன்ல.” அதற்கு மேல் பதிலே வேண்டாம். கேட்காதவர்களிடம் போய் மறுக்காதே, ஸ்டேட்டஸும் போடாதே. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மை போலத் தோன்றும் என்று 1977லேயே சோதனையில் காட்டியிருக்கிறார்கள். நீ மறுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பெயரும் சேர்ந்தே காதில் விழுகின்றன. “தங்கச்சி மாதிரி” என்று அறிவிப்பதும் கூடாது. அண்ணன் தங்கை என்றால்தான் பேசலாம் என்று நீயே ஒப்புக்கொண்டதாகிவிடும், மறுநாள் அதையும் வைத்து ஓட்டுவார்கள். வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லித் தப்பிப்பது மிக மோசம். அவள் என்ன பாவம் செய்தாள்?

அந்த இருமல் உன் முகத்தைப் பார்ப்பதற்காக. நீ நெளிந்தாலும், சிரித்தாலும், அடிக்கப் பாய்ந்தாலும் அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கண்டுகொள்ளாமல் இருந்தால் முதல் சில நாள் சத்தம் அதிகமாகலாம். இங்கேதான் பலர் பொறுமை இழக்கிறார்கள். அப்போது வெடித்தால், பலமாகச் சீண்டினால் பலிக்கும் என்று நீயே கற்றுக்கொடுத்ததாகிவிடும். எப்போதும் ஆரம்பிப்பவன் ஒருவன் இருப்பான். அவனைக் கூட்டம் இல்லாத நேரத்தில் பிடித்து, “உனக்கு ஜாலிதான். அவளுக்குக் கஷ்டமா இருக்கு. நிறுத்திடு” என்று சொல். கூட்டத்தின் முன்னால் சொன்னால் கௌரவத்துக்காகவே தொடர்வான்.

படத்தை மாற்றி ஒட்டுவது, போலிக் கணக்கு, அவள் உடலைப் பற்றிய பேச்சு, மிரட்டல் என்று போனால் அது கலாய்ப்பு அல்ல, துன்புறுத்தல். அனுப்பியவர் பெயர், தேதி, நேரம் தெரியும்படி அந்தப் பேச்சை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. அவளுடைய படம் என்றால் நகல் எடுக்காதே. எதையும் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதே. அவளிடம் சொல்லிவிட்டு, அவள் நம்பும் ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். மிரட்டல் இருந்தால் அன்றே.

உன் வீட்டில் இன்று இரவே நீயே சொல்லிவிடு. வேறு யாரோ சொல்லி அம்மா கேள்விப்பட்டால், முதல் கேள்வியே “ஏன் மறைச்சே?” என்றுதான் வரும். அவள் வீட்டில் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவள் கூப்பிடாமல் நீ போய் விளக்காதே.